குருவின் மூலம் கேட்கலாம்

சுவிட்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்தில், மைரிங்கன் என்னும் சிற்றூருக்கு மேலே பாறைகளினூடே விழுகின்ற ரைக்கன்பாக் நீர்வீழ்ச்சிக்கு, இயற்கையின் அழகை நாடி வருகிறவர்களோடு, ஒருபோதும் நிகழாத ஒரு மரணத்தின் ஸ்தலத்தைத் தரிசிக்க வருகிறவர்களும் உண்டு. ஆர்தர் கொனன் டாயில் தாம் படைத்த துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸை 1893இல் எழுதிய கதையில் அங்கேதான் மாளச் செய்தார். வாசகர்களின் நச்சரிப்பைத் தாங்கமாட்டாமல் 1903இல் அவரை உயிரோடு திரும்பி வரவும் செய்தார். எதிரியின் பிடியிலிருந்து தப்பியதற்கு ஹோம்ஸ் சொல்லும் காரணம், 'பாரிட்சு' என்னும் ஜப்பானிய மல்வித்தை தமக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது என்பதே. ஜப்பான் தேசம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அந்தப் பெயரில் ஒரு பண்டை வித்தை அகப்படாது.

ஏறத்தாழ அதே பெயரில் லண்டனில் ஒரு வித்தை இருந்தது. ஜப்பானில் சில காலம் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பார்ட்டன்-ரைட் என்னும் ஆங்கில எஞ்சினியர், ஜப்பானிய ஜுஜுட்சுவையும், ஆங்கிலேயரின் குத்துச் சண்டையையும், பிரெஞ்சுக்காரரின் காலடி முறையையும், ஜெனீவாவில் ஆயுதப் பயிற்சிக்கூடம் நடத்திய பியேர் வின்யியின் கைத்தடிப் போரையும் ஒன்றாகச் சேர்த்து, தம் பெயரின் முற்பகுதியை அதற்குச் சூட்டி, 1899இல் 'பார்ட்டிட்சு' என்று விளம்பரப்படுத்தினார். சாந்-குருவா ஊரைச் சேர்ந்த சுவிஸ் மல்லர் ஆர்மான் ஷெர்ப்பியோவும் அவருடைய லண்டன் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1902 வாக்கில் பள்ளி மூடப்பட்டது. அந்த மனிதரிடம் நான் மெச்சுகிற குணம் ஒன்று உண்டு: பல வித்தைகளைக் கலந்தவர், கலந்ததைக் கலந்தது என்றே சொல்லி, தம் பெயரிலேயே விற்றார். அதற்கு ஜப்பானியப் பூர்வீகத்தைக் கற்பித்துக் கொடுத்தவர் நாவலாசிரியர். அவர் கற்பனைக்காகச் செய்ததை இன்று பல 'மாஸ்டர்'கள் மாதக் கட்டணத்துக்காகச் செய்கிறார்கள்.

அத்தகைய பயிற்சிக்கூடம் ஒன்றின் சுவரைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம். நடுவில் வெண்தாடி வைத்த ஜப்பானிய முதியவர் ஒருவரின் படம். அதன் கீழே பொன்னிற ஓரமிட்ட சட்டத்துக்குள் செங்குத்தாக எழுதிய எழுத்துகளும் சிவப்பு முத்திரையும் கொண்ட சான்றிதழ். அடியில் 'உலக' என்றோ 'சர்வதேச' என்றோ தொடங்கும் ஒரு சம்மேளனத்தின் பெயர். பெற்றோரில் யாருக்கும் அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாததனாலேயே அதற்கு மதிப்பு ஏறுகிறது. கையொப்பமிட்ட தலைவர் யார் என்று விசாரித்துக்கொண்டே போனால், கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரே என்று முடிகிற சந்தர்ப்பங்களும் உண்டு. எப்போதோ ஒருவாரப் பயிற்சி முகாமில் தூரத்தில் நின்றவர் தம்மை நேர்ச்சீடர் என்று சொல்லிக்கொள்வதும், ஸ்தாபனத்திலிருந்து விலக்கப்பட்டவர் அதன் சின்னத்தைத் தொடர்ந்து சட்டையில் தைத்துக்கொள்வதும், மறுத்துப் பேச இயலாதபடி காலமாகிவிட்ட குருவைச் சாட்சிக்கு அழைப்பதும் இதன் வேறு வேறு வடிவங்கள்.

இவ்விஷயத்தில் உலகப் பிரசித்தி பெற்ற விவகாரம் அமெரிக்காவில் நடந்தது. 1988இல் வெளிவந்த 'பிளட்ஸ்போர்ட்' என்னும் திரைப்படம் ஃபிராங்க் டக்ஸ் என்பவரின் மெய்யான வாழ்க்கையைத் தழுவியது என்று சொல்லப்பட்டது. தனாகா என்ற ஜப்பானிய நிஞ்சா குருவிடம் பயின்று, ரகசியமாக நடந்த உலகப் போட்டியொன்றில் தாம் வென்றதாக அவர் கூறினார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகை விசாரணை செய்து, வெற்றிக் கோப்பையை உள்ளூரிலேயே அவர் செய்வித்துக்கொண்டதைக் காட்டும் ரசீது கிடைத்தது என்று எழுதிற்று. அவர் அதை மறுத்தார். நிஞ்சாக்களுக்குப் பயிற்சியளிக்கும் தனாகா என்ற பாத்திரம் ஒரு ஜேம்ஸ் பாண்ட் நாவலில் வருகிறது என்பதையும் சிலர் கவனித்தார்கள்.

'நன்றாகக் கற்றுக்கொடுத்தால் போதாதா, பரம்பரை யாருக்கு வேண்டும்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், மெய்யான பரம்பரையில் வந்த சோம்பேறி ஆசிரியர்களும் உண்டு, ஒரு பரம்பரையும் இல்லாத நல்ல ஆசிரியர்களும் உண்டு. ஆனால் பரம்பரையின் உண்மையான பிரயோஜனம், ஆசிரியருக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்பதில் அடங்கியிருக்கிறது. மாணவனை அடித்துக் காயப்படுத்தினாலும், பணம் பறித்தாலும், அதைவிடக் கொடியது எதையாவது செய்தாலும், முறையிடுவதற்கு ஓர் இடமும், விசாரித்துப் பட்டத்தைப் பறிப்பதற்கு ஒரு கையும் அங்கே இருக்கின்றன. பொய்ப் பரம்பரை சொல்லுகிறவர் அந்த மரபின் கீர்த்தியை எடுத்துக்கொண்டு அதன் கட்டுப்பாட்டிலிருந்து தப்பித்துக்கொள்கிறார். அதன் பலனை அனுபவிப்பது பிள்ளை: ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கிரேடிங் கட்டணம் செலுத்தி ஐந்தாறு வருஷம் உழைத்த பையன், வீடு மாறி வேறு ஊரில் வேறு கழகத்தில் சேரும்போது, தன் பழுப்புப் பட்டையை எந்த ஸ்தாபனமும் அறியாது என்று கேட்டு, மறுபடியும் வெள்ளைப் பட்டையோடு சிறுவர் வரிசையில் போய் நிற்கிறான்.

இந்தப் பட்டைகளும் 'டான்' படிகளும் யுகாந்தரமாக வந்தவை என்று எண்ணுவதும் பிசகு. 1882இல் கோடோக்கான் பள்ளியை நிறுவி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ என்னும் கல்விமான், அடுத்த ஆண்டில்தான் தம் சீடர் இருவருக்கு முதல் டான் அளித்தார். ஒகினாவாவிலிருந்து கராத்தேயைக் கொண்டுவந்த ஃபுனகோஷி அம்முறையை 1924இல் மேற்கொண்டார். ஆகவே ஒரு டான் என்பது ஒரு குறிப்பிட்ட ஸ்தாபனம் தன் ஏட்டில் பதிந்து கொடுக்கும் ஒரு பதிவு. அந்த ஏட்டில் இல்லாத டானுக்கு அர்த்தம் கிடையாது. கோடோக்கான் தன் சரித்திரம் முழுவதிலும் பத்தாவது டான் அளித்தது 15 பேருக்கு மட்டுமே. அதை நினைவில் வைத்துக்கொண்டு, ஐரோப்பியச் சிற்றூர்களின் விளம்பரப் பலகைகளில் தென்படும் 'பத்தாவது டான் கிராண்ட்மாஸ்டர்'களைப் பார்த்தால் சிரிப்பு வராமல் போகாது.

'உலக சம்மேளனம்' ஒன்றை உண்டாக்குவதற்குச் சுவிட்சர்லாந்தைவிட வசதியான தேசம் அரிது. இந்நாட்டுச் சிவில் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி, நோக்கம், நிதி, அமைப்பு ஆகியவற்றைக் கூறும் விதிகளை எழுத்தில் வைத்து, சங்கமாக இயங்கும் விருப்பத்தைத் தெரிவித்தாலே ஒரு சங்கம் சட்டபூர்வமாகப் பிறந்துவிடுகிறது. பெரும்பாலும் எங்கும் பதிவு செய்ய வேண்டியதுமில்லை. லோசானில் உள்ள சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும், சூரிச்சில் உள்ள ஃபிஃபாவும் சட்டத்தின் கண்ணில் இதே வகைச் சங்கங்கள்தான். சட்டம் தாராளமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; நம்முடைய தமிழ்ச் சங்கங்களும் கோயில் சபைகளும் அதன் நிழலில்தான் தழைத்தன. ஆனால் நாலு நண்பர்கள் ஒரு சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து தோற்றுவித்த சங்கமும் 'சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட உலக சம்மேளனம்' என்று ஜம்பமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பதை, யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ அதன் சான்றிதழை விலைகொடுத்து வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பொய்க்குத் தண்டனை இல்லாமலும் இல்லை. நியாயமற்ற போட்டிக்கு எதிரான 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், விசேஷத் தகுதியோ திறமையோ உண்டு என்ற தோற்றத்தைத் தரக்கூடிய பொருந்தாத பட்டங்களைப் பயன்படுத்துவதைத் தன் 3ஆம் பிரிவில் நியாயமற்ற செயல் என்கிறது. மனமறிந்து செய்தவர்மீது முறைப்பாடு வந்தால் மூன்று வருஷம் வரை சிறையோ, அபராதமோ விதிக்கவும் இடமளிக்கிறது. முறைப்பாடு வந்தால் என்பதை மறக்கக் கூடாது. மாதம் சில பத்து பிராங்குக்காக யார் வழக்காடப் போகிறார்கள்? ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது.

அரசாங்கம் வேறொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. 1972 முதல் நடந்துவரும் 'யூகென்ட் உண்ட் ஸ்போர்ட்' திட்டம், மாக்லிங்கனில் உள்ள கூட்டாட்சி விளையாட்டு அலுவலகத்தின் மேற்பார்வையில், 5 முதல் 20 வயது வரையுள்ளவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்றுநர்களைப் பயிற்றுவித்து அங்கீகரிக்கிறது. ஜூடோவும் கராத்தேயும் அதில் அடங்கும். அங்கீகாரத்தைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மேற்பயிற்சி பெற வேண்டும். 2015 முதல், சிறுவரோடு பணிபுரிகிறவரிடம் அதற்கென உள்ள தனிக் குற்றப்பதிவுச் சான்றைக் கழகம் கேட்டு வாங்கவும் முடியும். இவை பரம்பரையை நிரூபிப்பவை அல்ல. என்றாலும், ஏழு வயதுக் குழந்தையை ஒப்படைக்கும் விஷயத்தில், வெண்தாடி முதியவரின் படத்தைவிட இந்தச் சாதாரணக் காகிதங்களையே நான் பெரிதாக மதிப்பேன்.

பிறரைச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு, காஞ்சிபுரத்து இளவரசர் போதிதர்மர் சீனத்துக்குப் போய் ஷாவோலின் மடத்தில் தற்காப்புக் கலையை ஸ்தாபித்தார் என்பது நம்மவர்க்கு ஐயத்துக்கு அப்பாற்பட்ட சரித்திரமாகிவிட்டது. போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், 547ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அவரைப் பாரசீகர் என்கிறது. தென்னிந்திய அரசகுமாரர் என்று சொல்லும் பழைய குறிப்பும் உண்டு. சண்டைப் பயிற்சியைப் பற்றி இரண்டிலும் பேச்சே இல்லை. உடலை வலுப்படுத்தும் பயிற்சியை அவர் போதித்தார் என்ற கதை, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'யிஜின் ஜிங்' என்னும் நூலில் தலைகாட்டுகிறது. பல நூற்றாண்டு பழமை கொண்டாடும் அதன் முன்னுரை, அந்த வித்தை கைமாறி வந்த வரிசையில் சுருள்தாடி வீரன் ஒருவனைச் சேர்க்கிறது. அவனோ பழைய சீனக் கதையொன்றின் கற்பனை நாயகன். போலிப் பரம்பரைகளில் கதாபாத்திரங்கள் இப்படி வந்து குந்திக்கொள்வது தற்செயல் அல்ல போலும்.

சிலம்பம் நமக்குச் சொந்தமான செல்வம். அதற்குச் சீனத்தின் சிபாரிசு வேண்டியதில்லை. கம்பைச் சுற்றத் தெரிந்த ஆசான் இன்னாரிடம் கற்றேன் என்று ஊர்ப் பெயரோடு சொன்னால் அதுவே போதுமான பெருமை. அப்படியிருக்க, ஐயாயிரம் ஆண்டு என்றும் அகத்தியர் வழி என்றும் சொல்லி, கூடவே அம்மரபில் இல்லாத கறுப்புப் பட்டையையும் கட்டிக்கொண்டு ஐரோப்பிய மாணவரை அழைப்பது, மேலே கண்ட சுவரையே நாமும் கட்டுவதாகும். அரை லட்சம் அளவில் தமிழர் வாழ்கின்ற இத்தேசத்தில், கம்பைப் பிடிக்கும் பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். நாளைக்குப் பள்ளித் தோழன் ஆதாரம் கேட்டால் பதில் சொல்லப் போகிறவர்கள் அவர்கள்.

நம் பெற்றோர் கேள்வி கேட்கத் தயங்குவதற்குக் காரணம் பயம் அன்று, மரியாதை. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ரிஷி கட்டணம் வாங்கியதில்லை, சுவரில் சான்றிதழ் மாட்டியதுமில்லை, அவரை விட்டுவிடலாம். சான்றிதழ் மாட்டியவரிடம், எந்த ஸ்தாபனம், எந்த ஆண்டு, பதிவு எண் என்ன என்று மரியாதையாகவே கேட்கலாம். மெய்யான ஆசிரியர் அதற்குக் கோபப்படமாட்டார். தம் ஆசிரியரைப் பற்றிப் பேச ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததென்று சந்தோஷப்படுவார். பிறகு அந்தத் தாய் ஸ்தாபனத்துக்கும், இங்குள்ள சுவிஸ் கூட்டமைப்புக்கும் இரண்டு வரிக் கடிதம் எழுதுங்கள். பதில் வந்த பிறகு பிள்ளைக்குச் சீருடை வாங்கலாம்.