இணையம் ஈயும் கைப்பேசி

நமது புதுவை நகரின் பாரதி பூங்காவினுள் வெண்ணிறத்ததாய் நிற்கும் ஆயி மண்டபத்தைக் காணாத மாணவர் இக்கல்லூரியில் இரார். ஆயி என்னும் கணிகை யொருத்தி தான் வாழ்ந்த மாளிகையை இடித்து, அவ்விடத்தே ஊரார் உண்ணும் நீருக்காகக் குளம் தோண்டினாள் என்று ஒரு கதை வழிவழியாக வழங்கி வருகின்றது. பிற்காலத்தில், பிரெஞ்சு நாட்டை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட நாளில், முத்திரையர்பாளையத்து நீர் நகருக்குக் கொணரப்பட்டது. அக்கதையில் உளமுவந்தே இம்மண்டபம் எழுப்பப்பட்டது என்பர். கதையின் வரலாற்று உண்மையை ஆராய்தல் ஈண்டு எமது நோக்கமன்று. ஒருவர் வீட்டெல்லைக்குள் இருந்தது ஊர்ப்பொதுவாயிற்று என்னும் அக்கருத்தே யாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தோற்றுவாயாக அமைகின்றது. பொருளோ, நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கிடக்கும் கைப்பேசியைப் பற்றியது.

கைப்பேசியைப் பேசுதற்கும் படம் பார்த்தற்கும் கொள்வோர் பலர். அதனையே மோடமாகவும், ஹாட்ஸ்பாட் என்று நாம் வழங்கும் கம்பியில்லா நிலையமாகவும் ஆக்கி, தமக்கு வரும் இணையத்தை மடிக்கணினிக்கும் அயலார் கருவிக்கும் ஈயலாம் என்பதை அறிந்தோரும் பலரே. அது நிகழும் முறையை அறிந்தோர் மிகச் சிலர். சுருங்கக் கூறின், தொலைத்தொடர்பு நிறுவனத்தார் இணையத்திற் புகுதற்கு ஓர் இணைப்பையே கைப்பேசிக்குத் தருகின்றனர். ஹாட்ஸ்பாட்டைத் திறந்தவுடன் கைப்பேசி தன்னைச் சூழ ஒரு சிறு வைஃபை வலையை விரித்து, அதனுட் புகும் ஒவ்வொரு கருவிக்கும் தானே ஓர் உள்முகவரி வழங்குகின்றது. அக்கருவிகள் விடுக்கும் செய்திகளையெல்லாம் தன் பெயரால் வெளியே அனுப்பி, வரும் விடைகளுள் எது எவர்க்குரியது என்று நினைவிற்கொண்டு பிரித்துக் கொடுக்கின்றது. பல குடிகள் உறையும் ஒரு பெரிய வீட்டின் வாயிலில் நின்று, ஒரே கதவிலக்கத்துக்கு வரும் கடிதங்களை உரியவரிடம் சேர்ப்பிக்கும் காவற்காரன் வேலையை ஒத்தது இது. வைஃபைக்குப் பதிலாக யூ.எஸ்.பி. கம்பியாலும் புளூடூத்தாலும் இதனைச் செய்யலாம். கம்பி வழியாயின் கைப்பேசி கணினியிலிருந்தே மின்னேற்றமும் பெறும். விடுதி அறையில் தனியே படிப்பவர்க்கு யாம் பரிந்துரைப்பது கம்பியே.

ஓரிடத்துப் பெற்ற இணையத்தைச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஈதல் புதுவைக்குப் புதிதன்று. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். மூன்றாண்டு கழிந்து 1998-இல், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கனடா நாட்டினரின் பொருளுதவி பெற்று, வில்லியனூரை நடுநிலையமாகக் கொண்டு ஓர் அரும்பணி தொடங்கினர். வில்லியனூர்க்குத் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்தது. எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களிலோ அக்காலத்துத் தொலைபேசி மிக அரிது. ஆகவே இருவழி வானொலிக் கருவிகளை மோடத்தோடு இணைத்து, குரலையும் எழுத்தையும் காற்றின் வழியே அவ்வூர்களுக்கு விடுத்தனர். மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும் என்பது கருதிக் கதிரவன் ஒளியால் மின்னாக்கும் பலகைகளையும் வைத்தனர். எம்பலத்தில் அந்நிலையம் கோயிலைச் சார்ந்த இடத்தில் அமைந்தது; அதனை நடத்தினோர் அவ்வூர்ப் பெண்மணிகள். வீராம்பட்டினத்திலோ, அமெரிக்கக் கடற்படையார் தம் இணையதளத்தில் வெளியிட்டுவந்த அலையுயர முன்னறிவிப்பைப் பெற்று, தமிழில் ஆக்கி, ஒலிபெருக்கி வாயிலாகக் கரையில் அறிவித்தனர். பிறநாட்டுப் போர்க்கப்பல்களுக்கென்று கணித்த கணக்கு, நம் கட்டுமரக்காரர் செவியில் அவர்தம் மொழியிலேயே விழுந்தது. 2001-இல் இப்பணிக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. ஒருவர் பெற்ற இணைப்பைக் கம்பியின்றிப் பலர்க்குப் பகிர்தலே ஹாட்ஸ்பாட் எனின், அச்சொல் ஈண்டு வழங்குமுன்பே வில்லியனூரில் அஃது இருந்தது என்று கூறுதல் மிகையாகாது.

அப்பணி எத்துணை மதிப்புடையது என்பதை ஒரே காலைப்பொழுது காட்டிற்று. 2004-ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு மறுநாள், ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. அப்பணியின் நிலையங்களுள் ஒன்றைப் பெற்றிருந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரினர் ஒருவர் அந்நாளிற் சிங்கப்பூரில் தொழில் செய்துவந்தார். பேரலைச் செய்தியை அங்கே அறிந்தவர், உடனே தம் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். ஊரார் நிலையத்தின் ஒலிபெருக்கியை எடுத்து அனைவரையும் ஓடுமாறு கூவினர். 3,000-க்கு மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். ஒரு வீட்டுக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு ஒரு வீட்டோடு நின்றிருப்பின் என்னாகியிருக்கும் என்று எண்ணவும் நெஞ்சு நடுங்குகின்றது. செய்தி வந்துசேர்ந்ததோடு அமையாது, வந்ததை மேலும் பரப்பும் கருவி ஊரார் கையிலேயே இருந்தது. அதனை இயக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லாதிருந்தது. இவ்வனுமதியைப் பற்றித்தான் யாம் சொல்ல வந்தது.

கைப்பேசியை விலை கொடுத்து வாங்கியவர் நாம். இணையத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டுபவரும் நாமே. ஆயினும் பகிரும் மடையைத் திறக்கவும் அடைக்கவும் வல்லவர் நாமோ, விற்றவரோ? 2012-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் வெரைசன் என்னும் பெருநிறுவனம், கைப்பேசியை மோடமாக்கும் செயலிகளைத் தன் வாடிக்கையாளர்க்குக் கிட்டாமற் செய்யுமாறு செயலிக்கடைக்காரரைக் கேட்டுக்கொண்டது என்னும் விசாரணை எழுந்து, அந்நாட்டுத் தொடர்பாணையத்துக்கு 12 லட்சத்து 50 ஆயிரம் டாலர் செலுத்தி அதனை முடித்துக்கொண்டது. நம் நாட்டில் 2017-இல் ஜியோபோன் என்னும் எளிய கைப்பேசி 1,500 ரூபாய்ப் பிணைத்தொகைக்குக் கிடைத்தது. அதன் இயங்குதளமாகிய கை.ஓ.எஸ்., மொசில்லா அறக்கட்டளையார் திறந்த மூலமாக வெளியிட்ட ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ். வழிவந்தது. வைஃபையும் நான்காம் தலைமுறை இணையமும் அதில் இருந்தும், ஹாட்ஸ்பாட் வசதி தொடக்கத்தில் வைக்கப்படவில்லை. வேர் திறந்ததாயினும் கனி பூட்டிய தோட்டத்திற் காய்க்கலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. ஏழையர் வீட்டுக்கு முதன்முதல் இணையம் கொணர்ந்த கருவிகளுள் ஒன்று அஃது என்பதையும் யாம் மறுக்கவில்லை.

நிறுவனத்தார் பகிர்தலைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று வியப்புத் தருவது. இணையத்திற் செல்லும் ஒவ்வொரு செய்திப்பொதியின்மீதும் அதன் ஆயுளைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் அதில் ஒன்றைக் கழிக்கும். ஆண்டிராய்டும் லினக்ஸும் பெரும்பாலும் 64 என்று தொடங்குகின்றன. மடிக்கணினிப் பொதி கைப்பேசியைக் கடந்து செல்லுமிடத்து 63 ஆகிவிடும். 'இஃது இவன் பொதியன்று, இவனிடம் ஒண்டிய மற்றொருவன் பொதி' என்று அப்பாலுள்ளார் அறிந்துகொள்வர். திறந்த மென்பொருளுடைய கைப்பேசியில் இவ்வெண்ணை ஒரு வரிக் கட்டளையால் மாற்றலாம். ஒப்பி எழுதித் தந்த உடன்படிக்கையை மறைவில் மீறுக என்று யாம் கூறவில்லை. அதனை வெளிப்படையாக எதிர்த்து மாற்றுவித்தலே நேர்மை. ஆயினும் நம் கைக்கருவி நமக்குத் தெரியாமல் நம்மைப்பற்றி என்ன சொல்கின்றது என்பதைப் படித்தறியவாவது நமக்கு உரிமை வேண்டும். மூலநிரல் திறந்திருந்தாலன்றி அப்படிப்பு இயலாது. ஓலைச்சுவடி ஒருவர் பெட்டிக்குள் பூட்டிக்கிடந்த காலத்துப் பாடபேதம் ஆராய்தல் எவ்வாறு இயலாதோ, அவ்வாறே இதுவும். தமிழ் பயிலும் எமக்கு இவ்வுவமை தானே வந்து வாய்த்தது.

இந்நோக்கத்துடன் முழுமையும் திறந்த கைப்பேசி செய்ய முயன்றோர் வரலாறு படிக்கத்தக்கது. ஓபன்மோகோ என்னும் குழுவினர் 2007-இல் நியோ 1973 என்ற கருவியையும், 2008-இல் ஃப்ரீரன்னர் என்ற கருவியையும் வெளியிட்டனர். மென்பொருளை மட்டுமன்றி மின்சுற்று வரைபடங்களையும் உலகறியத் தந்தனர். அவற்றில் லினக்ஸை இயக்கி, ஆமை வேகத்து ஜி.பி.ஆர்.எஸ். இணையத்தை யூ.எஸ்.பி. கம்பியாற் கணினிக்குக் கொண்டுசென்று மகிழ்ந்தோர் உலகெங்கும் இருந்தனர். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தார் தொலைபேசி மோடத்துக்கென்று வகுத்த 'ஏ.டி.' என்று தொடங்கும் கட்டளைகளையே அக்கைப்பேசியின் மோடமும் கேட்டு நடந்தது. இன்றைய மோடங்களும் அம்மொழியை மறந்தில. ஆனால் அதன் வானொலிச் சில்லினுள் ஓடிய நிரல் மட்டும் மூடியே கிடந்தது. அவ்வகைச் சில்லுக்குக் கட்டற்ற நிரல் எழுதும் ஆஸ்மோகாம் முயற்சி 2010-இல் எழுந்தது. பத்தாண்டு சென்று வந்த பைன்ஃபோனின் மோடத்துக்குள்ளேயே ஒரு சிறு லினக்ஸ் ஓடுகின்றது. ஆர்வலர் அதனையும் மாற்றியமைத்தனர். எனினும் வானொலியை நேரே ஆளும் பகுதி இன்றும் மூடியதே. முழுதும் திறந்த கைப்பேசி என்று விளம்பரம் செய்வாரை நம்பற்க. இம்முயற்சிகள் வாணிகத்தில் வெற்றி பெறவில்லை என்று நகைப்பாரும் உளர். அந்நகைப்பில் யாம் சேரோம். 2010-இல் ஆண்டிராய்டின் 2.2-ஆம் பதிப்பு ஹாட்ஸ்பாட்டை எல்லார்க்கும் எளிய ஒரு பொத்தானாக்கித் தந்தபோது அதனடியில் நின்றதும் அதே லினக்ஸ் கருவே.

"இணையம் இக்காலத்து மலிந்துவிட்டது, ஆளுக்கொரு கைப்பேசி உண்டு, பகிர்வானேன்?" என்று எம் வகுப்புத் தோழர் சிலர் வினவினர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பள்ளிகள் மூடப்பட்ட பின்பு ஒரே கைப்பேசியைச் சூழ மூன்று பிள்ளைகள் அமர்ந்த வீடுகளை அவர்கள் இதற்குள் மறந்தனர் போலும். அதுவும் வேண்டா. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் நம் நகரருகே கரை கடந்து, 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. எம் தெருவில் மின்சாரம் அற்றது. அதனோடு வீடுதோறும் இருந்த கம்பிவழி இணையப் பெட்டிகளும் அவிந்தன. எம் வீட்டுப் பழைய கைப்பேசி ஒன்றில் மட்டும் கோபுரத்தின் குறி இரண்டு கோடாகத் தெரிந்தது. அதனை மாடிப்படியின் மேற்படியில் வைத்து, கடவுச்சொல்லை நான்கு வீட்டாருக்குச் சொன்னோம். படமும் பாட்டும் கூடாது, எழுத்து மட்டுமே என்பது உடன்பாடு. எதிர்வீட்டு அம்மையார் முழங்கால் நீரிற் குடையின்றி வந்து, துபாயிலிருக்கும் தம் மகனுக்கு "நலமாக இருக்கிறோம், அப்பாவுக்கு மாத்திரை இருக்கிறது" என்று எழுதியனுப்பிவிட்டு அப்படியிலேயே சற்றுநேரம் அமர்ந்திருந்தார். மறுநாள் மாலை அக்குறியும் போயிற்று. கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்திருக்கும்.

பகிர்தலில் இடர் இல்லையென்று யாம் கூறோம். நம் இணைப்பின் வழியே பிறர் செய்யும் தீங்குக்கு முதலில் விசாரிக்கப்படுவோர், சிம் அட்டையைத் தம் பெயரில் வாங்கிய நாமே. ஆதலின் கடவுச்சொல் இன்றித் திறந்துவைத்தல் அறியாமை. முகமறியார்க்கு ஈதல் துணிச்சல். கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுக. நெடுநேரம் ஹாட்ஸ்பாட்டாக இயங்கும் கைப்பேசி சூடேறும். அதனைத் தலையணைக்கீழ் வைத்தல் ஆகாது. கடைக்காரர் முதலானோர் பொதுமக்களுக்கு முறைப்படி வைஃபை வழங்க விரும்பின், 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு ஒப்பிய பி.எம். வாணி என்னும் திட்டம் உரிமக் கட்டணமின்றி இடந்தருகின்றது.

இனி, செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் வீட்டு இழுப்பறைகளில் திரை கீறியனவும் பேச்சு கேளாதனவுமான பழைய கைப்பேசிகள் உறங்குகின்றன. அவற்றுட் சில, 2016 முதல் ஆர்வலர் பலர் கூடிப் பேணிவரும் லைனேஜ் ஓ.எஸ். என்னும் திறந்த இயங்குதளத்தை ஏற்பன. எல்லா வகைக் கைப்பேசியும் ஏலா. நிறுவனத்தார் பூட்டைத் திறக்க இசைந்த வகைகளே ஏற்கும். அவ்வாறு புதுக்கிய கைப்பேசியில் ஒரு சிம் அட்டையை இட்டு, விடுதியின் படிப்பறையிலோ, இணையமில்லாத சிற்றூர்ப் பள்ளியொன்றிலோ மோடமாக நிறுத்தலாம். நமது நகரில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தார் இத்துறையில் இளைஞர்க்குக் கற்பித்து வருகின்றனர். அவர்களை ஒருநாள் அழைத்தல் அரிதன்று. கோடை விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை பிற்பகலைத் தமிழ்ச் சங்கத்தார் இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். கணினித் துறை மாணவர் மட்டும் கூடும் கூட்டமாக இதனை ஆக்கற்க. கட்டளைகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதும் பொறுப்பை எம் வகுப்பினர் ஏற்றுக்கொள்வோம். வருவோர் பழைய கைப்பேசியோடு அதன் மின்னேற்றும் கம்பியையும் மறவாது கொண்டுவருதல் வேண்டும்.