இயற்கை என்றால் எல்லாமே பூசலாமா?

பீட்ரூட்டில் உதட்டுச் சாயம், காபித்தூளில் புருவ மை, சோளமாவில் முகப்பவுடர் என வீட்டில் இருப்பதைக் கொண்டே ஒப்பனை செய்துகொள்ளும் ஆர்வம் இளம்பெண்களிடம் பெருகிவருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம் இது. கடையில் விற்கும் ஒப்பனைப் பொருட்கள் எங்கிருந்து வருகின்றன, கழுவிய பிறகு எங்கே போகின்றன என்று கேட்கத் தொடங்கிய தலைமுறை இது.

அந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. இமைச் சாயத்திலும் உதட்டுச் சாயத்திலும் மினுமினுப்பைத் தருவது மைக்கா எனப்படும் காக்காப்பொன். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பகுதிகளில் கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் இதைத் தோண்டிப் பொறுக்குவதையும், மண் சரிந்து உயிரிழப்பதையும் 2016இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விசாரித்து வெளியிட்டது. இன்னொரு மினுமினுப்பு, பொடிப்பொடியாக வெட்டிய பிளாஸ்டிக். முகம் கழுவும் நீரோடு சாக்கடைக்குப் போனால் அதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரி பிளாஸ்டிக் மினுக்குத்தூள் விற்பனைக்குத் தடை விதித்தது. ஒப்பனைப் பொருட்களுக்குள் கலந்திருக்கும் நுண்பிளாஸ்டிக்கை முற்றிலும் நீக்க 2035 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது.

இவற்றுக்கு மாற்றாகச் சமையலறையை நாடுவது சரி. ஆனால், சமையலறையில் இருப்பதாலேயே ஒரு பொருள் தோலுக்கு உகந்தது என்று நம்புவது சரியல்ல. சாப்பிடலாம் என்பது வேறு, பூசலாம் என்பது வேறு. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால், அதிலுள்ள வேதிப்பொருட்கள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டதுபோல் கொப்புளிக்க வைக்கும். பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். ஆப்ப சோடா காரத்தன்மை கொண்டது. தோலோ இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உடையது. உதடு புடைத்துத் தெரியட்டும் என்று தடவும் பட்டைத்தூள் செய்வது எரிச்சலைத்தான். அந்த எரிச்சலில் வரும் வீக்கத்தையே அழகு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

முன்னோர் பூசியதெல்லாம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். கூத்துக் கலைஞர்கள் முகத்தில் பூசிய அரிதாரம், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். கதகளியில் மஞ்சளுக்குப் பயன்படும் மனையோலையும் அதுவே. சிவப்புக்குப் பயன்படும் சாயில்யம் பாதரசக் கனிமம். மண்ணில் தோண்டி எடுத்தவை என்பதால் இவையும் இயற்கைதான். கலைக்காக அந்தக் கலைஞர்கள் தங்கள் தோலைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நல்ல மாற்று வண்ணங்களைக் கண்டுபிடித்துத் தருவது நம் கடமை.

ஆகவே, இயற்கையா செயற்கையா என்ற கேள்வியோடு நிற்காமல், இந்தப் பொருள் தோலில் என்ன செய்கிறது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்க வேண்டும். பீட்ரூட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சிவப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாற்றைத் தேங்காய் எண்ணெயில் கலந்தால் சற்று நேரத்தில் இரண்டும் பிரிந்துவிடும். வெயிலிலும் சூட்டிலும் நிறம் மங்கும். வேம்பாளம்பட்டை இதற்கு நேர் எதிர். நாட்டு மருந்துக் கடையில் வாங்கித் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டால் எண்ணெய் செக்கச்செவேலென்று ஆகிவிடும். தண்ணீரில் போட்டால் அந்தச் சிவப்பு வராது. பாட்டிமார் அதைத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் மட்டுமே போட்டார்கள், உதட்டில் பூசவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பீட்ரூட்டைத் துருவி நிழலில் காயவைத்து, நைசாகப் பொடித்துச் சலித்து, துளி நெய்யில் குழைத்தால் உதட்டுக்கு இளஞ்சிவப்பு கிடைக்கும். இரண்டு மணி நேரம் நிற்கும், அவ்வளவுதான். அதுவே போதும் என்று ஏற்றுக்கொள்வதில்தான் இந்த ஒப்பனையின் சூழல் நேயம் இருக்கிறது.

கடைப் பொருளில் பதனப்பொருள் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் இருக்கும் எதிலும் கிருமி வளரும், நம் ஊர் வெக்கையில் இன்னும் வேகமாக. கற்றாழைக் குழம்பைக் குப்பியில் அடைத்து வாரக்கணக்கில் கண்ணருகே பூசுவது கண்தொற்றுக்கு வழி. உலர்ந்த பொடியாக வைத்திருந்து, வேண்டும்போது மட்டும் குழைத்துக்கொள்வது நல்ல வழி. நலங்கு மாவு அப்படித்தான்: பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் காய்ந்தவை, அன்றன்று கலப்பவை. கிருஷ்ண ஜெயந்திக்குக் குழந்தையை நீலக் கண்ணனாக்க, காய்ந்த சங்குப்பூப் பொடியை அரிசிமாவோடு குழைத்தால் போதும். முதல் நாளே முழங்கை மடிப்பில் சிறிது தடவிப் பார்த்துவிட வேண்டும்.

கண்மையிலும் மருதாணியிலும் கூடுதல் கவனம் தேவை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்தெடுக்கும் முறை பல வீடுகளில் இன்றும் உண்டு. பெரியவர்கள் இமைக்கு வெளியே தீட்டிக்கொள்ளலாம். கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதை மறுபேச்சின்றி ஏற்க வேண்டும். மருதாணி இலை சிவக்கச் சில மணி நேரமாவது ஆகும். பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோன்களில் பெரும்பாலும் கலந்திருப்பது முடிச்சாயத்தில் உள்ள பிபிடி. அது கையைக் கொப்புளிக்க வைப்பதோடு, வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, வீட்டு ஒப்பனையும் சிவப்பழகு ஆசைக்குள் இழுக்கப்படுவது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரகப் பாதிப்போடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரே வகை நோய்க்கூறு தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம்களைப் பூசியவர்கள். காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது பாதரசம். அந்த கிரீமுக்குப் பதில் எலுமிச்சையும் சோடாவும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள், பொருளை மட்டும்தான் மாற்றுகிறார்கள். கறுப்பு ஒரு குறை என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது. நம் வீட்டு அலங்காரத்தில் மையும் மருதாணியும் பொட்டும் மாநிறத்திலும் கறுப்பிலும் எடுப்பாகத் தெரிபவை. அவற்றுக்கு வெளுத்த முகம் தேவையில்லை.

பொட்டு என்றதும் குங்குமத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே மஞ்சளை எலுமிச்சைச் சாறு, படிகாரம், வெங்காரம் சேர்த்து ஊறவைத்து, உலர்த்தி, இடித்துச் சலித்தால் குங்குமம். மஞ்சளிலுள்ள குர்க்குமின்தான் அந்தச் சிவப்புக்கு மூலம். இதற்கு நாளும் கைவேலையும் பிடிக்கும் என்பதால் சந்தையில் மலிவான சாயப்பொடிகள் புகுந்துவிட்டன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய, குங்குமம்போல் இட்டுக்கொள்ளும் சிந்தூரப்பொடியின் 118 மாதிரிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மாதிரிகளில் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. நெற்றியில் வைத்த விரல் வாய்க்குப் போவதும், தாயின் நெற்றிப்பொடி குழந்தையின் கையில் ஒட்டுவதும் அன்றாடம் நடப்பவை. கண்ணால் பார்த்தோ, நீரில் கரைத்தோ ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகம்தான் வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகள், நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. குங்குமப்பொடிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமும் உண்டு. தேர்முட்டிக் கடையில் குவித்துவைத்துப் பொட்டலம் கட்டி விற்கும் பொடியை யாரும் சோதிப்பதில்லை. மறுபுறம், வீட்டில் நேர்மையாக மஞ்சளில் குங்குமம் செய்யும் மகளிர் குழுக்களுக்கு உரிமம் பெறும் நடைமுறையும் தெரியாது, சோதனைக் கட்டணமும் கட்டுப்படியாகாது.

தமிழக அரசு இங்கிருந்து தொடங்கலாம். இக்குழுக்களுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுத்து, அரசு ஆய்வகங்களில் இலவசமாக ஈயச் சோதனை செய்துதர வேண்டும். இந்து சமய அறநிலையத் துறையின் கோயில்களில் பிரசாதமாகக் கொடுக்கும் குங்குமம், சோதனையில் தேறியதாக மட்டுமே இருக்க வேண்டும். அந்தச் சான்றைக் கோயில் வாசலில் ஒட்டி வைக்க வேண்டும்.