அந்த மூன்று ஆண்டுகள் வீண் அல்ல

"எம்.டி. பொது மருத்துவம் படித்தவருக்கு ரத்த நோய்களும் தெரியும். ரத்தவியலுக்கென மேலும் 3 ஆண்டு டி.எம். உயர்சிறப்புப் படிப்பு எதற்கு?" என்கிறார்கள். சாதாரண ரத்தசோகைக்கு அது தேவையில்லை, சரி. மற்றவற்றுக்கு?

1. தட்டணு குறைந்து ஒருவர் வருகிறார். டெங்குவா, நுண்குழாய்களில் ரத்தம் உறையும் டி.டி.பி. நோயா? டி.டி.பி. என்றால் தட்டணு ஏற்றுவதைத் தவிர்த்து, உடனே பிளாஸ்மா மாற்ற வேண்டும். சிகிச்சை இல்லையேல் பத்தில் ஒன்பது பேர் இறப்பார்கள். ரத்தப் பூச்சில் உடைந்த சிவப்பணுக்களை அந்த இரவிலேயே யார் பார்த்துச் சொல்வது? நூற்றுக்கணக்கான கண்ணாடித் தகடுகளைப் பார்த்துப் பழகிய கண் வேண்டாமா?

2. ஏ.பி.எல். ரத்தப் புற்றில் மரபணு முடிவுக்காகக் காத்திருந்தால் மூளையில் ரத்தம் கசியலாம். சந்தேகம் வந்ததுமே அட்ரா மருந்தைத் தொடங்க வேண்டும். தாமதிக்காவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

3. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை வாரக்கடைசிப் பயிலரங்கில் கற்பீர்களா?

மருத்துவர் பற்றாக்குறையா? டி.எம். இடங்களைக் கூட்டுங்கள். பயிற்சியை ஏன் வெட்டுகிறீர்கள்?