குடும்ப நலம்: முந்தி நிற்கும் கீழ்த்தாடை

சில வாரங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, நமக்கு நன்கு அறிமுகமான ஒரு தாய் தம் மகன் புதுநன்மை வாங்கிய நாளில் எடுத்த நிழற்படத்தைக் காட்டினார். வெள்ளை உடை, கையில் மெழுகுதிரி, கழுத்தில் செபமாலை. எல்லாம் அழகாகவே இருந்தன. ஆனால் எட்டு வயதுச் சிறுவனின் முகத்தில் சிரிப்பு இல்லை. உதடுகளை இறுக மூடி, முகவாயை மார்போடு சேர்த்துக் குனிந்திருந்தான்.

"படம் எடுப்பவர் எவ்வளவோ சொல்லியும் சிரிக்க மறுத்துவிட்டான். பள்ளியில் பிள்ளைகள் இவனைத் 'தாடை' என்று அழைக்கிறார்களாம். கீழ்ப்பல் வரிசை முன்னால் நிற்கிறது. 'இவன் தாத்தாவுக்கும் இப்படித்தான், வளர வளரச் சரியாகிவிடும்' என்கிறார் என் மாமியார். 'பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார் இவன் அப்பா. எதைக் கேட்பது?" என்றார் அந்தத் தாய்.

இதே கேள்வி பல இல்லங்களில் வாய்விட்டுச் சொல்லப்படாமல் இருக்கின்றது என்பதை நாம் அறிவோம். ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே சிறிது சிந்திப்போம்.

பற்கள் பொருந்தும் முறை

சம்புடத்தின் மூடி அதன் விளிம்பைச் சற்றே வெளியிலிருந்து கவிந்து நிற்பது போல, மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைச் சற்று மூடி நிற்பதே இயல்பான அமைப்பு. சிலருக்கு இது தலைகீழாக அமைகின்றது. கீழ்ப்பற்கள் வெளியிலும் மேற்பற்கள் உள்ளேயும் அமைந்துவிடுகின்றன. அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஏங்கில் 1899-ஆம் ஆண்டில் பல் பொருத்தக் குறைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தபோது, கீழ் வரிசை முந்தி நிற்பதை மூன்றாம் வகுப்பில் வைத்தார். இன்றும் மருத்துவர்கள் அப்பெயராலேயே இதைக் குறிக்கின்றனர்.

இதனால் வரும் துன்பம் அழகைப் பற்றியது மட்டுமன்று. முறுக்கையோ கொய்யாக்காயையோ முன்பல்லால் கடித்துத் துண்டாக்க இயலாமற்போகும். 'ஸ' போன்ற ஒலிகள் சிலருக்குத் தெளிவாக வாரா. ஒன்றோடொன்று தவறாக மோதும் பற்கள் தேயும்; கீழ் முன்பற்களின் ஈறு கீழிறங்கும். இவை எல்லாவற்றையும்விட, கேலிக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்ளப் பழகிய குழந்தை, வகுப்பில் விடை தெரிந்தும் கை உயர்த்தாது.

பேரரசரின் முகவாய்

இக்குறை ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குலத்தில் இது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் (1500–1558) வாய் மூடியிருக்கும்போதும் மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரமாட்டா என்றும், அதனால் அவர் பேச்சின் இறுதிச் சொற்கள் தெளிவாக விளங்கா என்றும் வெனிஸ் நகரத் தூதர் காஸ்பரோ கொந்தாரினி எழுதிவைத்தார். பின்னாளில் திருச்சபையின் கர்தினாலாக உயர்ந்தவர் இவரே. பாதி உலகுக்கு ஆணையிட்டவருக்கும் தம் பற்களைச் சேர்க்க வழியில்லாமற்போயிற்று. அன்று மருத்துவமும் அதற்கு வழி அறியாதிருந்தது.

அக்குலத்தார் அரசுரிமை கைவிட்டுப் போகாதிருக்க நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் முடித்து வந்தனர். ஸ்பெயினின் இரண்டாம் சார்லஸின் பெற்றோர், மாமனும் அவர் சகோதரியின் மகளுமாவர். அம்மன்னர் 1700-ஆம் ஆண்டில், 38 வயதில், பிள்ளையின்றி இறந்தார். 2019-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், அக்குலத்தார் 15 பேரின் 66 ஓவியங்களை முக அறுவை மருத்துவர்கள் 10 பேரிடம் காட்டி, தாடையின் அளவையும் உறவு மணத்தின் நெருக்கத்தையும் ஒப்பிட்டனர். நெருக்கம் மிகுந்தவரிடம் கீழ்த்தாடை மிகுதியாக முந்தி நிற்பதைக் கண்டனர்.

அக்காள் மகளை மணப்பதும், மாமன் மகளை மணப்பதும் வழங்கும் நம் நாட்டில் இதை எண்ணிப் பார்ப்பது நலம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இவ்வுறவுகளைத் திருமணத்திற்குத் தடையாகவே கொண்டு, விலக்குப் பெற்றாலன்றி அனுமதிப்பதில்லை. எனினும், உறவில் மணந்த எல்லார் பிள்ளைகளுக்கும் இக்குறை வருவதில்லை. அந்நியத்தில் மணந்தவர் பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. ஆகவே, "உன் வீட்டு வழியில் வந்தது" என்று மருமகளையோ மகனையோ குற்றஞ்சாட்டுவதற்கு இதை எவரும் பயன்படுத்தலாகாது.

எல்லாம் ஒரே வகையல்ல

இக்குறையில் மூன்று நிலைகள் உண்டு. ஓரிரு மேற்பற்கள் மட்டும் உட்பக்கம் சாய்ந்து முளைப்பது முதல் நிலை. இதில் தாடை எலும்பில் குறையில்லை. இரண்டாவது, வாயை மூடும்போது முன்பற்களின் நுனிகள் இடித்துக்கொள்வதால், குழந்தை தானாகவே கீழ்த்தாடையை முன்னே தள்ளிக் கடித்துப் பழகுவது. மூன்றாவது, எலும்பின் வளர்ச்சியிலேயே உள்ள வேறுபாடு. கீழ்த்தாடை மிகையாக வளர்ந்திருக்கலாம். அல்லது மேல்தாடை போதிய அளவு வளராதிருக்கலாம். பலரிடம் இரண்டும் கலந்தே காணப்படும். உதடும் அண்ணமும் பிளந்து பிறந்து அறுவை செய்துகொண்ட குழந்தைகளுக்கு மேல்தாடை வளர்ச்சி குன்றுவது அடிக்கடி நேர்வது. அவர்களுடைய பெற்றோர் இதில் தனிக்கவனம் செலுத்த வேண்டும்.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். குழந்தையை வெளிச்சத்தில் அமரச் செய்து, கடைவாய்ப் பற்கள் சேருமாறு கடிக்கச் சொல்லி, உதடுகளை விலக்கிப் பாருங்கள். அடுத்து, நாக்கு நுனியை அண்ணத்தின் பின்புறம் தொடவைத்து, மெல்ல வாயை மூடச் சொல்லுங்கள். முன்பற்களின் நுனிகள் ஒன்றையொன்று தொட்டு, பின்பு தாடை முன்னே நழுவினால் அது இரண்டாம் வகையாக இருக்கலாம். திருத்துவது பெரும்பாலும் எளிது. எனினும் இது பெற்றோரின் பார்வைக்கு மட்டுமே. முடிவு கூற வேண்டியவர் மருத்துவரே.

காலமே மருந்து

பாட்டி சொன்ன "வளர வளரச் சரியாகிவிடும்" என்பது அன்பினால் வந்த சொல்லே. ஆனால் எலும்பின் போக்கு அதற்கு எதிராக உள்ளது. மேல்தாடை முன்னதாகவே வளர்ந்து நின்றுவிடுகின்றது. கீழ்த்தாடையோ இளமைப் பருவத்திலும் வளர்ந்துகொண்டே போகின்றது. ஆகவே எலும்பினால் வந்த குறை ஏழு வயதில் சிறியதாய் இருந்து, பதினைந்தில் பெரிதாய்த் தெரியும். குளிப்பாட்டும்போது முகவாயைப் பிடித்து உருவிவிடுவதாலும் எலும்பின் வளர்ச்சி மாறாது.

ஆறு வயதில் முதற் கடைவாய்ப்பல்லும், ஆறிலிருந்து எட்டு வயதிற்குள் முன்பற்களும் மாறி முளைக்கின்றன. ஏழு வயதளவில், பற்களைச் சீரமைப்பதில் தனிப்பயிற்சி பெற்ற மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது சாலச் சிறந்தது. காட்டுவதாலேயே சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்பதில்லை. சிலருக்கு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவருவதே போதும்.

சாய்ந்த பல்லை மட்டும் திருத்த, கம்பிச்சுருள் பதித்த சிறு தகடு ஒன்றை வாயில் அணிவித்துச் சில மாதங்களில் வெளியே கொண்டுவரலாம். தாடையை முன்னே நழுவவிடும் பழக்கமும், இடிக்கும் பற்களைச் சரிசெய்தவுடன் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மேல்தாடை பின்தங்கிய குழந்தைக்கு வேறு கருவி உண்டு. நெற்றியிலும் முகவாயிலும் தாங்கி நிற்கும் ஒரு சட்டத்தை முகத்தில் பொருத்தி, அதிலிருந்து ரப்பர் வளையங்களால் மேல்தாடையை முன்னோக்கி இழுப்பர். மாலையிலும் இரவிலுமாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேல், ஓராண்டளவு அணிய வேண்டியிருக்கும். பத்து வயதிற்குள் இதைச் செய்வது நல்ல பயன் தரும். பிரிட்டனில் 7 முதல் 9 வயதுக்குட்பட்ட 73 குழந்தைகளை இரு பிரிவாக்கி ஆய்ந்தனர். ஆறு ஆண்டுகளுக்குப் பின் மருத்துவர் குழு ஆராய்ந்தபோது, கருவி அணிந்தவருள் 100-க்கு 36 பேருக்கும், அணியாதவருள் 100-க்கு 66 பேருக்கும் பிற்காலத்தில் தாடை அறுவை தேவைப்படும் எனக் கணித்தனர். இம்முடிவு 2016-இல் வெளியாயிற்று. கருவி அணிந்த எல்லாரும் அறுவையிலிருந்து தப்பிவிடவில்லை. ஆயினும் பாதியளவு வேறுபாடு சிறிதன்று.

சட்டத்தை அணிந்த குழந்தையை வீட்டிலுள்ளோரே பார்த்துச் சிரித்துவிட்டால், மறுநாள் அது கட்டிலுக்கடியில் கிடக்கும். மருத்துவரின் திறமையில் பாதியளவு பொறுமையேனும் பெற்றோரிடம் வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கும் வழி உண்டு

"வயதாகிவிட்டதே, இனி என்ன?" என்று கேட்போரும் உளர். குறை சிறிதாயின் வளர்ந்தவர்க்கும் கம்பி கட்டிப் பற்களை ஓரளவு ஒத்துவரச் செய்யலாம். எலும்பின் வேறுபாடு மிகுதியாயின் தாடை அறுவையே வழி. வளர்ச்சி முற்றும் நின்ற பின்னரே அதைச் செய்வர். பெண்களுக்குப் பதினேழு வயதளவிலும், ஆண்களுக்குச் சற்றுப் பின்னரும் இந்நிலை வரும். ஓராண்டு இடைவெளியில் எடுத்த தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டு, மருத்துவர் இதை உறுதி செய்துகொள்வார்.

முதலில் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு கம்பி கட்டிப் பற்களை ஒழுங்குபடுத்துவர். அப்போது குறை முன்னைவிட மிகுந்தது போலத் தோன்றும், அஞ்ச வேண்டியதில்லை. பின்பு முழு மயக்கத்தில், வாயின் உட்புறமாகவே அறுவை செய்து, எலும்பை உரிய இடத்தில் வைத்து டைட்டானியம் தகடுகளால் பொருத்துவர். முகத்தில் தழும்பு பெரும்பாலும் இராது. சில வாரங்கள் கஞ்சியும் குழைந்த உணவுமே உண்ண வேண்டும். கீழுதட்டில் மரத்த உணர்வு பலருக்கு உண்டாகி மெல்ல நீங்கும். சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடுவதும் உண்டு. இதை முன்கூட்டியே கேட்டறிந்த பின்னரே ஒப்புதல் தர வேண்டும்.

பெண் பார்க்க வருவோரின் சொல்லுக்காக ஒரு மகளை அறுவைக்கு விரட்டுவது தகாது. மெல்லவும் பேசவும் இடரின்றி, தன் முகத்தோடு நிறைவாய் வாழ்பவருக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. வேண்டும் என்று அவர் விரும்பினால் துணை நிற்பதே பெற்றோர் கடன்.

ஓர் எச்சரிக்கை. முன்பு ஒழுங்காயிருந்த கீழ்த்தாடை நடுவயதில் புதிதாக முந்தி வந்தால், மோதிரமும் செருப்பும் இறுகிப்போனால், அதைப் பல் குறை என்று எண்ணி வாளாவிருக்கலாகாது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி நீரை மிகையாகச் சுரப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். உடனே பொது மருத்துவரை நாட வேண்டும்.

செலவை எண்ணித் தயங்குவோர் அரசுப் பல் மருத்துவமனைகளை நாடலாம். 1953-இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புக்கும் வாய் அறுவைக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. வரிசையில் காத்திருக்க நேரிடும். ஆகவே காலம் தாழ்த்தாது தொடங்குவதே நன்று.

அந்தத் தாயிடம் நாம் சொன்னதும் இதுவே: "பாட்டியையும் கடிந்துகொள்ள வேண்டாம், கல்யாண வயது வரை காத்திருக்கவும் வேண்டாம். இம்மாதமே காட்டுங்கள்." அவர் சென்று காட்டினார். மேல்தாடை சற்றுப் பின்தங்கியுள்ளது என்றும், வயது இன்னும் கைகொடுக்கிறது என்றும் மருத்துவர் சொன்னாராம். சிறுவன் இப்போது இரவில் அந்தச் சட்டத்தை அணிந்து உறங்குகின்றான். முடிவு எப்படி அமையும் என்பதை அவன் வளர்ச்சியே காட்டும். ஆனால், "இது உன் குற்றமில்லை, சரிசெய்ய முயல்கிறோம்" என்று தாயும் தந்தையும் சொல்லிய நாளிலிருந்து அவன் முகவாயை மார்பில் புதைத்துக்கொள்வதில்லை என்றார் அவர்.

வாசக அன்பர்களே, இன்றிரவு உணவு முடிந்தபின் உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து, ஒருமுறை வாய் திறந்து சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். சிரிக்கத் தயங்கினால், ஏன் என்று அன்போடு கேளுங்கள்.