வாடகை முகவரியும் நமது கையெழுத்தும்

வெளிமாநிலத்தில் நமக்குக் கடை கிடையாது, கிடங்கு கிடையாது, ஆளும் கிடையாது. முகவரி மட்டும் உண்டு. இப்படி ஓர் ஏற்பாடு இப்போது நம் வியாபாரிகளிடையே பரவி வருகிறது. 'விர்ச்சுவல் ஆபீஸ்' என்கிறார்கள். மாதம் இவ்வளவு என்று கட்டினால், பெரிய நகரம் ஒன்றின் மாடிக் கட்டிடத்தில் நம் நிறுவனப் பெயருக்கு முகவரி தருவார்கள். அங்கு வரும் கடிதத்தை வாங்கி, உறையைப் படம் பிடித்து நம் போனுக்கு அனுப்புவார்கள். ஆபீஸ் என்று பெயர் வைத்தாலும் அது தபால் பெட்டிதான். அதற்கான காகிதங்களைப் பூர்த்தி செய்வதில் நாம் காட்டிய அலட்சியமும் அதனால் பட்ட பாடும் மற்ற உறுப்பினர்களுக்கு வரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

ஈரோட்டில் நமது மஞ்சள் மண்டிக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே முகவரிதான். கதவு எண் இல்லாமல் வந்த கார்டுகூட நம் கைக்கு வந்து சேரும். பிறகு தலைமைத் தபால் நிலையத்தில் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். விண்ணப்பம் ஒரு தாள். சாவி நம் இடுப்பில். காலையில் பையன் போய்த் திறந்து கடிதங்களை எடுத்து வருவான். 1959-ஆம் வருடச் சட்டப்படி விற்பனை வரி கட்டிய காலத்திலும், 2007-ல் 'வாட்' வந்த பிறகும், வரி ஆபீஸிலிருந்து எது வந்தாலும் அன்று மாலைக்குள் நமக்குத் தெரியும்.

2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. ஆன பிறகு மாநிலத்துக்கு ஒரு பதிவு. நம் வீட்டுப் பையன் மஞ்சள்தூளைப் பாக்கெட் போட்டு ஆன்லைன் கம்பெனி மூலம் விற்க ஆரம்பித்தான். சரக்கை அந்தக் கம்பெனியின் பெங்களூரு கிடங்கில் வைத்து விற்க வேண்டுமானால் கர்நாடகப் பதிவு வேண்டும். கிடங்கைக் கூடுதல் இடமாகக் காட்டலாம். முதன்மை இடம் என்று ஒன்று காட்ட வேண்டுமே, அதற்குத்தான் இந்த வாடகை முகவரி. "அப்பா, ஆபீஸே போடாமல் முகவரி கிடைக்குது" என்றான். "தபால் யார் வாங்குவாங்க தம்பி?" என்று கேட்டோம். ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார் என்றான். அதற்கு மேல் நாமும் கேட்கவில்லை.

2024 ஆடியில் ஏஜெண்ட் காகிதங்களை அனுப்பினார். ஒப்பந்தம், என்.ஓ.சி., கரண்ட் பில் என மூன்று. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் குறி வைத்திருந்தார். குறி இருந்த இடத்தில் எல்லாம் போட்டோம். ஒரு மூட்டை மஞ்சளைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டோம். இதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

படித்திருந்தால் தெரிந்திருக்கும். கரண்ட் பில் கட்டிட உரிமையாளர் பெயரில். ஒப்பந்தம் போட்டவர் வேறொருவர்; அவரே அங்கு வாடகைக்கு இருப்பவர். உள்வாடகைக்கு விட அவருக்கு உரிமையாளர் அனுமதி தந்திருக்கிறாரா என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை. அதிகாரி ரெக்-03 நோட்டீஸ் கொடுத்து அதைத்தான் கேட்டார். அதற்கு 7 வேலை நாட்களுக்குள் ரெக்-04-ல் பதில் தரவேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. எப்படியோ ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துப் பதிவு கிடைத்தது. அதோடு விட்டது என்று இருந்துவிட்டோம்.

விண்ணப்பத்திலேயே வேறு இரண்டு தவறுகள் கிடந்தன. இடம் எந்த வகையில் நம் வசம் இருக்கிறது என்று ஒரு கேள்வி வருகிறது: சொந்தம், குத்தகை, வாடகை, சம்மதம், பகிர்வு, மற்றவை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் இடத்துக்குப் 'பகிர்வு' என்றுதானே போடவேண்டும்? 'வாடகை' என்று போட்டிருந்தார்கள். என்ன வேலை நடக்கிறது என்ற கேள்விக்கு, ஒரு மேஜை போடும் இடத்தைக் 'கிடங்கு' என்று காட்டியிருந்தார்கள். மூன்றாவது தவறுதான் நம்மைக் கவிழ்த்தது. தொடர்புக்கான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் ஏஜெண்டுடையவை. ஆதார் ஓ.டி.பி. மட்டும் நம் போனுக்கு வந்தது. மற்றதெல்லாம் அவருக்கே போயிற்று. ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

2025 சித்திரையில் ஒருநாள் ஆன்லைன் விற்பனை நின்றது. கேட்டால், உங்கள் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். நடந்தது இது: அதிகாரி நேரில் பார்க்கப் போயிருக்கிறார். கிடங்கைத் தேடியிருக்கிறார், இல்லை. வாசலில் ஜி.எஸ்.டி. எண்ணோடு பெயர்ப் பலகை இருக்கவேண்டும் என்பது விதி 18, பலகையும் இல்லை. முன்மேஜையில் புதிதாக வந்த பெண், "அப்படி ஒரு கம்பெனி இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த மாடியில் எத்தனை கம்பெனியோ! ரெக்-17 நோட்டீஸ் வந்து, 7 வேலை நாட்கள் ஓடி, பதிவும் ரத்தாகிவிட்டது.

'எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை' என்று நாம் வாதாடலாம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பிரிவு 169-ன்படி கடைசியாகத் தெரிந்த வியாபார முகவரிக்குத் தபாலில் அனுப்பினாலும், கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்பினாலும், பொது இணையதளத்தில் போட்டாலும் சார்வு செய்ததாகவே கணக்கு. மூன்றும் நாம் கொடுத்த முகவரிகள். மூன்றிலும் நாம் இல்லை. ரத்தை நீக்கக் கோரி 90 நாட்களுக்குள் ரெக்-21 போடலாம். போட்டோம். பாக்கி ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்து, புது ஒப்பந்தம் எழுதி, நேரில் இரண்டு தடவை போய், ஆடி பிறந்த பிறகு பதிவு திரும்பியது. அதுவரை 600 கிலோ தூள் அடுத்தவர் கிடங்கில் தூங்கியது. பாக்கெட்டில் அச்சிட்ட தேதி யாருக்காகவும் நிற்பதில்லை.

இதனால் வாடகை முகவரியே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. சின்ன வியாபாரி ஒவ்வொரு மாநிலத்திலும் கடை போட முடியுமா? பெரிய கம்பெனிக்கு ஊருக்கு ஊர் ஆபீஸ் இருக்கிறது. நமக்கு இந்த வழிதான். விண்ணப்பத்திலேயே 'பகிர்வு' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள் என்றால், பகிர்வது குற்றமல்ல என்றுதானே பொருள்? ஜி.எஸ்.டி. வந்த புதிதில் கேரளத்தின் முன்தீர்ப்பு ஆணையமும், உரிமையாளர் உள்வாடகைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் ஒரே இடத்தில் பலருக்குத் தனித்தனிப் பதிவு தரலாம் என்றது. ஆனால் முன்தீர்ப்பு, கேட்டவரை மட்டுமே கட்டும். நமக்கு அதைக் காட்டி நியாயம் கேட்க முடியாது.

மறைமுக வரிகள் வாரியம் 2025 ஏப்ரல் 17-ல் கொடுத்த அறிவுரை (எண் 03/2025) ஓரளவு நல்லது செய்திருக்கிறது. வாடகை இடமானால் ஒப்பந்தமும் உரிமையாளரின் உரிமைக்கு ஏதேனும் ஒரு சான்றும் போதும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாவிட்டால் உரிமையாளரின் அடையாளச் சான்றும் சேர்க்க வேண்டும். விண்ணப்பதாரர் வேறு ஊரில் குடியிருக்கிறாரே என்பது போன்ற ஊகக் கேள்விகளை அதிகாரிகள் கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அந்தத் தாளை உறுப்பினர்கள் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எனினும், கடிதம் வாங்கிக் கொடுக்கும் இந்தத் தொழிலை எப்படி நடத்தவேண்டும், யார் பெயருக்கு வந்ததை எத்தனை நாளில் சேர்க்கவேண்டும் என்பதற்கு இதில் வழி இல்லை. அமெரிக்காவில் தபால் துறையே இதற்கென்று 1583 என்ற படிவம் வைத்திருக்கிறது. அடையாளச் சான்று இரண்டு காட்டி, நோட்டரி முன்போ அந்த ஏஜெண்ட் முன்போ கையெழுத்திட்ட பிறகுதான் இன்னொருவர் கடிதத்தை ஏஜெண்ட் வாங்க முடியும். நம் ஊரில் வாட்ஸப்பில் 'ஓகே' என்றால் போதுமாக இருக்கிறது.

நமது சங்கம் வரித் துறைக்கும் தபால் துறைக்கும் கொடுக்கும் அடுத்த மனுவில் இதைச் சேர்க்கவேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். அது நடக்கும்வரை, இந்த ஏற்பாட்டில் உள்ளவர்கள் இன்றைக்கே தளத்தில் நுழைந்து தொடர்பு எண் யாருடையது என்று பார்க்கட்டும். ஏஜெண்டுடையதாக இருந்தால் திருத்த மனுவில் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

இப்போது பெங்களூரில் நம்மிடம் இருபது வருடமாக மஞ்சள் வாங்கும் ஒரு வியாபாரி தன் கடையில் நம் பலகையை மாட்ட இடம் கொடுத்திருக்கிறார். சம்மதக் கடிதம், அவருடைய அடையாளச் சான்று, சொத்து வரி ரசீது எல்லாம் அவரே கொடுத்தார். கடிதம் வந்தால் போன் செய்கிறார், பிறகு நம் சரக்கு லாரி டிரைவரிடம் கொடுத்துவிடுகிறார். பழைய மாடியில் நம் பெயருக்கு வந்த மூன்று கடிதங்கள் இன்னும் கிடக்கின்றன. கேட்டால், சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள்.