துபாஷி இல்லாத அச்சுப்பொறி

ஜவ்வாது மலையைப் பற்றி எழுதப் புகுவோர் தேனையும் சாமையையும் எழுதுவர். சந்தன மரங்களை நினைவுகூர்வர். காவலூர் வானாய்வகத்தைச் சுட்டிக்காட்டுவர். அம்மலையில் இயங்கும் அச்சுப்பொறிகளைப் பற்றி எவரும் எழுதக் காணோம். இலக்கிய வாசகர் கூடும் இவ்விடத்தில் அதைப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் எழுத்தோடு உறவுடைய எவருக்கும் ஒரு கேள்வி பொதுவானது: எழுதியது தாளை அடையும் கடைசி அடி யாருடைய கையில் இருக்கிறது? சிற்றிதழ் நடத்துபவருக்கும், மலையூரிலிருந்து சாதிச் சான்றிதழ் தேடி வரும் மாணவிக்கும் இக்கேள்வி ஒன்றே.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுவோம். கணினியின் இயங்குதளம் புதுப்பிக்கப்படுகிறது. மறுநாள் அச்சுப்பொறியில் விளக்கு எரிகிறது, மை இருக்கிறது, தாளும் இருக்கிறது. அச்சு மட்டும் வருவதில்லை. பழுது பார்ப்பவரை அழைத்தால் அவர் மூடியைத் திறந்து பார்த்து, பொறியில் குறையேதும் இல்லை என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஒரு பல்சக்கரமும் தேயவில்லை. கணினிக்கும் பொறிக்கும் இடையே நின்று இருவர் மொழியையும் அறிந்து பேசிய ஒரு சிறு மென்பொருள் மட்டும் வேலையை இழந்துவிட்டது. அதைத்தான் ‘பிரிண்டர் டிரைவர்’ என்கிறோம். தமிழில் ‘இயக்கி’ என்று பெயர்த்திருக்கிறோம். அது செய்யும் தொழிலுக்கு நம்மிடம் அதனினும் பொருத்தமான பழஞ்சொல் ஒன்று உண்டு: துபாஷி. டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை எப்படியோ, கணினிக்கு இயக்கி அப்படி. புதிய துரை வந்தார். பழைய துபாஷியை அரண்மனைக்குள் விட மறுத்தார். வெளியே சரக்கு மலைபோல் குவிந்திருந்தும் வணிகம் நின்றுபோயிற்று.

இது ஏதோ ஓரிடத்தில் நேரும் விபத்தன்று. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வெளியானபோது, இயங்குதளத்தின் கருவறைக்குள் ஓடிய பழைய வகை அச்சு இயக்கிகளை அது அறவே ஏற்கவில்லை. 32 பிட் தளத்திலிருந்து 64 பிட் தளத்துக்கு மாறியவர்கள், முந்தைய 32 பிட் இயக்கி அங்கே செல்லாது என்பதைக் கண்டனர். 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் வடிவமே இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது; புதிய தளத்துக்கு மாற வேண்டிய நெருக்கடி சிறு அலுவலகங்களுக்கும் வந்துசேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் உற்பத்தியாளர் புதிய இயக்கி எழுதித் தந்த பொறிகள் பிழைத்தன. எழுதித் தராத பொறிகள், நல்ல உடம்போடு, பரணுக்குப் போயின.

எல்லா அச்சுப்பொறிகளும் இவ்வாறு ஒரே துபாஷியை நம்பிப் பிறந்தவையல்ல என்பதை இங்கே குறிக்க வேண்டும். 1984-இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு பக்க வருணனை மொழி. அதன் இலக்கணம் நூலாகவே அச்சிடப்பட்டது; படித்தறிந்த எவரும் அம்மொழியில் பொறியோடு பேசலாம். எப்சன் நிறுவனத்தின் ‘இஎஸ்சி/பி’ கட்டளைகளும் அவ்வாறே பலருக்கும் தெரிந்தவை. நம் வங்கிகளிலும் கடைகளிலும் இன்றும் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும் புள்ளியச்சுப் பொறிகள் இயங்குதளங்கள் பலவற்றைக் கடந்து வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிற்பாடு விலையைக் குறைப்பதற்கு ஒரு வழி கண்டனர். பொறிக்குள் இருந்த மூளையை எடுத்துவிட்டு, அவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தனர். தமிழ்நாட்டுத் தட்டச்சுக் கடைகளில் மிகப் பரவலாகக் காணப்பட்ட எச்பி லேசர்ஜெட் 1020 இவ்வகையைச் சேர்ந்தது. அதை அணைத்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதன் உள்மென்பொருளையே கணினி அனுப்பித் தர வேண்டும். இயக்கி இல்லையெனில் அது விளக்கெரியும் ஒரு பெட்டி. கேனான் எல்பிபி 2900-உம் தனக்கேயுரிய மொழியைப் பேசுவது. வாங்கும்போது விலை மலிவு. மொழியின் திறவுகோல் மட்டும் விற்றவரிடமே தங்கிவிடும்.

தமிழில் எழுதுவோருக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ஆங்கில எழுத்துகளைப் பழைய அச்சுப்பொறிகள் தம் நினைவகத்திலேயே வைத்திருந்தன. இயக்கி ஏதுமின்றி வெறும் எழுத்துகளை அனுப்பினாலும் ஆங்கிலம் ஒருவாறு அச்சாகிவிடும். தமிழுக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிட்டவில்லை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கணினியில் படமாக வரையப்பட்டு, புள்ளிகளாக்கப்பட்டு, இயக்கியின் வழியாகவே பொறிக்குச் சென்றது. ஆகவே துபாஷி விடுப்பெடுத்தால் முதலில் ஊமையாவது நம் மொழிதான்.

இனி மலைக்கு வருவோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்துகிடக்கும் ஜவ்வாது மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் குழப்பினாலும் இவர்கள் கேரளத்தார் அல்லர், தமிழ் பேசுவோர். அட்டவணைப் பழங்குடியினரான இவர்களது பிள்ளைகளுக்குக் கல்லூரி இடமும் உதவித்தொகையும் விடுதியும் ஒரு சான்றிதழைப் பொறுத்தவை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வழங்குபவர் கோட்டாட்சியர் நிலையில் உள்ள அதிகாரி. விண்ணப்பம் இன்று இணையவழியில் போகிறது. ஒப்புதலும் மின்னொப்பத்தோடு இணையவழியிலேயே வருகிறது. இது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் சேர்க்கை நாளில் கோப்பில் வைக்க வேண்டியது பெரும்பாலும் தாள்தான். ஜமுனாமரத்தூர் போன்றதோர் ஊரில் அச்சுப்பொறி நின்றுபோனால் பக்கத்துத் தெருவில் வேறொன்று இருக்கும் என்று சென்னைவாசிபோல் எண்ணிவிட இயலாது. போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ மலையிறங்க வேண்டும். அதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் செலவு. நகரத்தில் எரிச்சலாக முடிந்துவிடும் ஒரு சங்கதி, மலையில் ஒருவருடைய கல்வியாண்டோடு மோதக்கூடியது. தொழில்நுட்பக் குறைகள் எல்லோர்மீதும் ஒரே எடையில் விழுவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

அதே மலையில், ஒரு கருவி எவ்வாறு நீண்டு வாழலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. காவலூரில் 1960-களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வானாய்வுப் பணி தொடங்கிற்று. 1972-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் யேனா நிறுவனத்தில் செய்யப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்ட நிகழ்வில் அதன் பதிவுகளுக்கும் பங்குண்டு. அதை அனுப்பிவைத்த கிழக்கு ஜெர்மனி என்னும் நாடே 1990-இல் இல்லாமற்போயிற்று. தொலைநோக்கியோ பணியைத் தொடர்ந்தது. 2022 டிசம்பரில் அதன் ஐம்பதாண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. ஒளிப்படத் தட்டுகள் போய் சிசிடி உணரிகள் வந்தன, கணினிகள் மாறின, ஆடி நிலைத்தது. 1986-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. தொலைநோக்கியையும் மேசைமேல் வைக்கும் அச்சுப்பொறியையும் ஒரே தட்டில் வைப்பது மிகை என்பர். விலையிலும் பேணுதலிலும் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எனினும் ஒப்பீட்டின் சாரம் நிற்கிறது. கருவியைப் பயன்படுத்துவோருக்கு அதன் உள்ளியல்பு தெரிந்திருந்தது. ஓர் உறுப்பை மாற்ற எவரிடமும் கையேந்தி நிற்க வேண்டியிருக்கவில்லை.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. அதை மறைப்பது முறையன்று. பழைய இயக்கிகள் தீங்கற்றவை அல்ல. 2021 கோடையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பெயரால் அறியப்பட்ட பாதுகாப்புக் குறை, விண்டோஸின் அச்சுப் பணி மென்பொருள் வழியாகவே வெளியார் கணினியைக் கைப்பற்றக்கூடும் என்று காட்டியது. அச்சு இயக்கியை நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும் என்ற கட்டுப்பாடு அதையொட்டி வந்ததே. எந்த மென்பொருளையும் காலமெல்லாம் சுமந்துகொண்டிருக்க உற்பத்தியாளரால் ஆகாது என்பதும் மெய். 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட், தனித்தனி நிறுவன இயக்கிகளைத் தன் புதுப்பிப்புச் சேவை வழி வழங்குவதைப் படிப்படியாகக் குறைத்து, ‘ஐபிபி’ என்னும் பொது நெறிமுறைக்கு நகரப்போவதாக அறிவித்தது. ஆப்பிள் 2010-இலேயே ஏர்பிரிண்ட் வழியாக இத்திசையில் நடந்தது. பொதுமொழி பேசும் பொறிக்குத் தனித் துபாஷி வேண்டாம். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் புதிய பொறிகளுக்குக் கிட்டும் இவ்விடுதலை, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கப்பட்ட பழைய பொறிகளைச் சேராது. அவற்றின் மொழி இன்னும் பூட்டியே கிடக்கிறது.

பூட்டைத் திறக்கும் வேலையைப் பெரும்பாலும் தன்னார்வலரே செய்துவந்திருக்கின்றனர். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறி அடிக்கடி தாளில் சிக்கி நின்றது. முந்தைய பொறியின் மென்பொருளைத் திருத்தி, சிக்கலை உரியவருக்கு அறிவிக்கச் செய்திருந்தார் ரிச்சர்டு ஸ்டால்மன். புதியதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983-இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் தூண்டுதலாக அந்த அச்சுப்பொறியை அவரே சொல்வதுண்டு. மேலே குறித்த லேசர்ஜெட் 1020, லினக்ஸ் தளத்தில் ஓடுவதும் அத்தகைய ஒருவரின் உழைப்பால்தான்: பொறியின் மொழியை வெளியிலிருந்து ஆராய்ந்தறிந்து எழுதப்பட்டது ‘எஃப்ஓஓ2இசட்ஜேஎஸ்’ என்னும் இயக்கி. போற்றத்தக்க பணி. ஆயினும் ஒரு வட்டாட்சியர் அலுவலகமும் ஒரு பழங்குடி மாணவியும் முகமறியாத் தன்னார்வலரின் ஓய்வுநேரத்தை நம்பியிருப்பது ஆட்சிமுறை ஆகாது.

இந்த அனுபவம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தன்தன் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒன்றில் தட்டியது இன்னொன்றில் கட்டங்களாகவும் கிறுக்கல்களாகவும் தெரிந்தது. திஸ்கி வந்தது, 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் வந்தன, இறுதியில் ஒருங்குறி நிலைபெற்று, 2010-இல் தமிழக அரசின் ஏற்பையும் பெற்றது. அதற்குள் சிற்றிதழ்களின் எத்தனையோ பக்கங்கள் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளுக்குள் படிக்க ஆளின்றி உறைந்துவிட்டன. பொதுமொழி ஒன்றில் உடன்பட்ட பிறகே தமிழ் கணினியில் மூச்சுவிட்டது. எழுத்துக்கு நாம் கற்ற பாடத்தை எழுதுபொறிக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே நம் கட்சி.

நாம் கோருவது பெரிதொன்றுமில்லை. பொதுப்பணத்தில் வாங்கப்படும் அச்சுப்பொறி எதுவும் இலக்கணம் வெளியிடப்பட்ட ஒரு மொழியைப் பேசவேண்டும்: போஸ்ட்ஸ்கிரிப்டோ, ஐபிபியோ, நேரடியாகப் பிடிஎஃப்போ. ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்த்தால் இது முடிந்துவிடும். மின்னாளுகைக்குத் திறந்த தரநிலைகள் வேண்டும் என்ற கொள்கையை நடுவணரசு 2010-லேயே அறிவித்தது. அதன் உணர்வு மேசைமேல் உள்ள பொறிவரை இறங்கிவரட்டும். அடுத்து, ஒரு பொறிக்கு இனி இயக்கி எழுதுவதில்லை என்று நிறுவனம் முடிவுசெய்யும் நாளில், அப்பொறியின் மொழிக் குறிப்புகளை வெளியிட வேண்டும். விற்று முடித்த பொருளின் இலக்கணத்தில் காக்கவேண்டிய வணிக மறை எவ்வளவு மிஞ்சியிருக்கும்? பழுதுபார்க்கும் உரிமைக்காக நடுவணரசு 2022-இல் தனி இணையவாயில் ஒன்றைத் தொடங்கியது. அவ்வுரிமை திருகாணியோடு நின்றுவிடாமல் நிரலுக்கும் பொருந்த வேண்டும். மூன்றாவதாக, அரசு அலுவலகக் கணினிகளை மொத்தமாகப் புதுப்பிக்கும் முன், அவற்றோடு இணைந்த பொறிகள் மறுநாளும் பேசுமா என்று கடைக்கோடி அலுவலகத்தில் முதலில் சோதிக்க வேண்டும். தலைநகரில் சோதித்துவிட்டு மலைக்கு அனுப்பும் வழக்கத்தைத் தலைகீழாக்கினாலே பாதிச் சிக்கல் தீரும்.

சான்றிதழில் கையொப்பமிடும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. அதைத் தாளில் பதிக்கும் அதிகாரமும் அரசிடமே இருக்கவேண்டாமா? வாங்கும்போதே இதைக் கேட்காத அரசு, தன் சொல்லின் கடைசி அடியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு மலைவாசியை அடுத்த வாரம் வரச்சொல்லும்.