பயத்தின் வாசனையும் நாயின் பல்லும்

'பயப்படாதே, பயந்தவனைத்தான் நாய் கடிக்கும்' என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. பாட்டி சொன்னவரை அது வெறும் தைரியப் பேச்சு. இப்போது அதற்கு விஞ்ஞானச் சட்டை மாட்டியாகிவிட்டது: பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது, அந்த ஹார்மோனை நாய் மோப்பம் பிடிக்கிறது, பாய்கிறது. படித்தவர்கள்தான் இதை அதிக உறுதியோடு சொல்கிறார்கள். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலில் வட்டப்பாறை ஒன்று உண்டு. அதன் முன் பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு தீண்டியது என்கிறது தலக்கதை. கடிபட்டதே குற்றத்துக்குச் சான்று. கதைக்கு அந்த நியாயம் பொருந்தும், பாம்பை ஏவியது தெய்வம். தெருநாயை யாரும் ஏவவில்லை. ஆனாலும் கணுக்காலில் கட்டோடு வருகிறவரிடம் நாம் வட்டப்பாறை நியாயத்தையே பேசுகிறோம்: கடித்திருக்கிறது, ஆகவே நீ பயந்திருப்பாய்.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது இத்தனை காலம் நிற்கிறது. அட்ரினலின் ரத்தத்தில் ஓடும் பொருள். ஆவியாகிக் காற்றில் மிதந்து நாயின் மூக்கை அடையும் பொருளன்று. ஆனால் அது சுரக்கும்போது அக்குள் வியர்வையும் மூச்சும் மாறுகின்றன, அந்த மாற்றத்தை நாய் முகர்ந்துவிடுகிறது. 2022இல் பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேருக்குக் கடினமான மனக்கணக்குக் கொடுத்துப் பதற்றப்பட வைத்து, முன்னும் பின்னும் வியர்வையையும் மூச்சுக்காற்றையும் சேகரித்தார்கள். பழக்கப்பட்ட நான்கு நாய்கள் பதற்ற மாதிரியை 100க்கு 93 தடவைக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டின. ஆக, மோப்பம் பிடிப்பது மெய். பிடித்தபின் நாய் என்ன செய்கிறது என்பதில்தான் நம் ஊர்ப் பேச்சு சறுக்குகிறது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தார் அதையே சோதித்தார்கள். அச்சமூட்டும் படம் பார்த்தவர்களின் வியர்வை மணத்தை ஓர் அறையில் பரப்பி, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் நாய்களை உள்ளே விட்டார்கள். அறையில் நாயின் உரிமையாளரும் இருந்தார், முன்பின் தெரியாத ஒருவரும் இருந்தார். 2018இல் வெளியான முடிவு: நாய்களுக்கு இதயத் துடிப்பு கூடியது, பதற்றக் குறிகள் தெரிந்தன, உரிமையாளரிடம் போய் ஒட்டிக்கொண்டன. மகிழ்ச்சியூட்டும் படம் பார்த்தவர்களின் வியர்வையை முகர்ந்தவையோ அந்த அந்நியரிடம் கூடுதலாகப் பழகின. 2024இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சோதனையிலும், பதற்ற வியர்வையை முகர்ந்த நாய்கள் காலியாக இருக்குமோ என்று ஐயம் தரும் கிண்ணத்தை நோக்கித் தயங்கியே நடந்தன. மனிதப் பயம் நாய்க்குத் தொற்றுகிறது, அதை ஒடுங்கவும் தயங்கவும் வைக்கிறது. பாய வைத்ததாக இந்தச் சோதனைகளில் எங்கும் இல்லை. இவை சோறு போட்டு வளர்த்த நாய்கள், தெருநாய் வேறு சாதி என்று சொல்லலாம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு நம் நாட்டுத் தெருநாய்களையே ஆராய்ந்தது. அந்நியர் ஒருவர் கிண்ணத்தைச் சுட்டிக்காட்டியபோது ஏறக்குறைய பாதி நாய்கள் பதற்றத்தில் அருகிலேயே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 விழுக்காடு அவர் காட்டிய கிண்ணத்துக்கே போயின. மனிதக் குறிப்பு அவற்றுக்குப் புரிகிறது, மனிதரைக் கண்டு அச்சமும் இருக்கிறது.

கடியைத் தீர்மானிப்பதில் கடிபடுபவரின் ஹார்மோனைவிட நாயின் உடம்பில் ஓடுவதற்கே பங்கு அதிகம். மழைக்காலத்தை ஒட்டி இணைசேரும் தெருநாய்கள் பனிக்காலத்தில் குட்டி போடுகின்றன. ஈன்ற நாயை நெருங்கினால் தைரியசாலியும் கடிபடுவார். தாயையும் குட்டியையும் பிணைக்கும் ஆக்சிடோசினை 'அன்பு ஹார்மோன்' என்று கொஞ்சுகிறோம். தாய் எலி தன் குட்டிகளைக் காக்கச் சீறும் சீற்றத்திலும் அதற்குப் பங்கு உண்டு. ஜப்பானின் அசபு பல்கலைக்கழகத்தார் 2015இல், நாயும் உரிமையாளரும் கண்ணோடு கண் நோக்கினால் இருவருக்கும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று காட்டியதை உலகமே கொண்டாடியது. அதே ஆண்டு புடாபெஸ்டில் நாய்களின் மூக்கில் ஆக்சிடோசின் தெளித்துச் சோதித்தபோது, மிரட்டும் தோரணையில் நெருங்கிய சொந்த உரிமையாளரிடமே அவை நட்புக் குறைவாக நடந்துகொண்டன. இந்தச் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை, கொஞ்சுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு ஹார்மோன் ஒரு குணம் என்று வாய்ப்பாடு போட முடியாது. மூலையில் மடக்கப்பட்ட நாய் கடிக்கும்தான், ஆனால் அங்கே பயந்தது நாய். வெறிநோய் பிடித்த நாய்க்கோ எதிரில் நிற்பவர் பயந்தாரா இல்லையா என்ற கணக்கே கிடையாது.

'ஓடுகிறவனைத்தானே துரத்துகிறது?' என்று கேட்பார்கள். ஆமாம், துரத்தப்படுவது ஓட்டம். இரவில் பைக்கில் பாட்டுக் கேட்டபடி போகிறவருக்கு நாய் குரைக்கும் வரை பயம் ஏது? அவரையும் துரத்துகிறது. நகரும் பொருள் நாயின் வேட்டைப் புத்தியைக் கிளறுகிறது, அதற்கு வியர்வை வேண்டியதில்லை. இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஏறத்தாழ 700 பேரிடம் எடுத்து 2018இல் வெளியான கணக்கெடுப்பில், பதற்றக் குணம் கூடியவர்கள் அதிகம் கடிபட்டிருந்தார்கள். பாட்டி வென்றுவிட்டார் என்று அப்போது பலரும் எழுதினார்கள். ஆனால் பதற்றத்தால் கடிபட்டார்களா, கடிபட்டதால் பதற்றக்காரர் ஆனார்களா என்பதை ஒரே தடவை கேட்ட கேள்வித்தாள் சொல்லாது. அதே கணக்கெடுப்பில் பெண்களைவிட ஆண்கள் ஏறத்தாழ இருமடங்கு கடிபட்டிருந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நாய் வளர்ப்பவர்கள், நாயே இல்லாதவர்களைவிட மூன்று மடங்கு. நாய்க்குப் பயந்தவரா வீட்டில் இரண்டு நாய் வளர்ப்பார்?

'பயப்படாதே என்பதில் என்ன கெடுதல்?' என்போருக்கும் பதில் உண்டு. பயம் கட்டளைக்கு அடங்காது. அட்ரினலின் யாரிடமும் அனுமதி கேட்டுச் சுரப்பதில்லை. கைகாலுக்குச் சொல்லலாம்: ஓடாதே, கையை வீசாதே, கண்ணுக்குள் பார்க்காதே, பக்கவாட்டில் மெல்ல விலகு. பயந்துகொண்டே இதையெல்லாம் செய்ய முடியும். பழி விழுகிற இடம்தான் பெரிய கெடுதல். தமிழ்நாட்டில் 2024இல் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின, 43 பேர் வெறிநோயில் இறந்தார்கள். அத்தனை பேரும் பயந்தாங்கொள்ளிகள் என்றால் கருத்தடை, தடுப்பூசி, குப்பைமேடு பற்றி ஊராட்சியையோ நகராட்சியையோ கேட்க ஒன்றுமே இருக்காது. 'நீதான் பயந்திருப்பாய்' என்று ஏச்சு வாங்குவோமோ என்று அஞ்சும் பிள்ளை பல் பட்ட இடத்தைக் கால்சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும். வெறிநோய்க்கு அறிகுறி தெரிந்தபின் மருந்து இல்லை.

ஆகவே கடிபட்டு வருகிற பிள்ளையிடம் பயந்தாயா என்று கேட்காதீர்கள். காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் மிளகாயும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். ஊசி இலவசம், முதல் நாள் போட்டபின் 3, 7, 28ஆம் நாள்களிலும் போட வேண்டும்.